வீட்டுச் சீரம் வல்லுநர்

நகரத்து நடுத்தர வர்க்கத்தில் அண்மைக் காலமாகத் தென்படும் மனித வகைகளுள், முதுமையை முகத்தளவிலாவது நிறுத்திவைக்கும் பொருட்டு, செயல்திறன் மிக்க ஒரு பொருளைச் செறிவாகக் கரைத்த தோல்பூச்சாகிய சீரத்தைச் சமையலறையிலேயே தயாரிக்கும் அம்மையார் தனித்துக் கருதத்தக்கவர். கல்லூரியை விட்ட நாள்முதல் வேதியியலைத் திரும்பிப் பாராத இவர், கண்ணோரத்தில் முதல் சுருக்கத்தைக் கண்டதும், நகைத் தராசு, அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். தாள், பழுப்புநிறப் புட்டி ஆகியவற்றோடு அத்துறைக்குள் மீண்டும் நுழைகிறார்.

இவர் முதலில் கைவைப்பது வைட்டமின் சி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெலின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் கண்டபடி, அவ்வைட்டமினின் தூய வடிவமான எல்-அஸ்கார்பிக் அமிலம் 15 விழுக்காடு, வைட்டமின் ஈ 1 விழுக்காடு, தவிட்டிலும் உள்ள ஃபெருலிக் அமிலம் 0.5 விழுக்காடு என்னும் கணக்கை, சாம்பார்ப் பொடிக்குக்கூடக் கண்ணளவே போதுமென்றிருந்த இவர், தூக்கத்திலும் ஒப்பிப்பார். பி.எச். 3.5க்குக் கீழ் இறங்கினாலன்றி இவ்வமிலம் தோலுக்குள் எளிதில் புகாது. புகுவதற்காகக் கரைத்தாலோ, ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைந்து, முகம் பல்லாண்டுகளில் அடையும் முதுமையைச் சில வாரங்களிலேயே அடைந்துவிடுகிறது. ஆகவே குளிர்பெட்டியில் இட்லி மாவை ஓரந்தள்ளி வைத்த புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கவலைப்படுவதிலேயே, கண்ணாடி பார்க்கவும் நேரமின்றி, இவரது காலைப்பொழுது கழிகிறது.

ஒரு கன்னத்தில் மட்டும் தடவி மற்றதோடு ஒப்பிடும் சோதனை முறையையும் இவர் அறிவார். எந்தப் பக்கம் இளமை என்று கேட்கப்படும் விருந்தினர், காபி இன்னும் வராத நிலையில், தமக்கு இடமா அவருக்கு இடமா என்று ஆராயாமல் இடப்பக்கம் என்றே தீர்ப்பளிப்பர். தோல் மூப்புக்குப் புற ஊதாக் கதிரே பெருங்காரணம் என விரிவுரை ஆற்றும் இவர், நண்பகலில் மொட்டை மாடியில் வடகம் பிழியும்போது சன்ஸ்கிரீன் தடவுவதில்லை. கடையில் வாங்கவேண்டிய பொருள் என்பதே அது செய்த குற்றம்.

மூப்படைந்த சீரத்தைக் கொட்டிவிடவேண்டும் என்பதை இவர் அறியாதவர் அல்லர். இருப்பினும் வாங்கிய விலை நினைவில் நிற்பதால், தெளிந்திருப்பது முகத்துக்கு, மஞ்சளித்தது கழுத்துக்கு, பழுத்தது முழங்கைக்கு, கறுத்தது கணவரின் குதிகாலுக்கு என்றொரு வரிசையை வகுத்துள்ளார். தயாரிப்பில் பெரும்பகுதி இவ்வாறு கடைசிப் படிக்கே இறங்கிவிடுவதால், இத்தகைய இல்லங்களில் இளமையின் அடையாளம் ஏதேனும் தென்படுமாயின், அதை அக்குதிகாலில் தேடுவதே முறையாகும்.