பாகு இல்லாத பாகு

நேற்று சாயங்காலம் மதினி ஒரு எவர்சில்வர் டப்பாவை என் கையில் கொடுத்து, "தம்பி, பயப்படாமச் சாப்பிடுங்க, சீனியே போடல" என்றார். இனிப்புக்கு முன்னால் 'பயப்படாம' வந்துவிட்டால் அந்த வீட்டில் தீபாவளி முடிந்தது என்று அர்த்தம்.

உள்ளே மைசூர்பாகு. நிறம், பழைய ரயில்வே பெஞ்சு. விரலால் அழுத்தினேன், அழுந்தியது; அழுந்தியது அழுந்தியபடியே கிடந்தது. கடைவாயில் ஒட்டியதை இன்று காலை பல் விளக்கும்போதுதான் முழுதாக மீட்டேன்.

"இதுல என்ன மதினி போட்டீங்க?"

"பேரீச்சம்பழம், பாதாம் மாவு, ரெண்டே ஸ்பூன் நெய்."

உங்கள் வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. இனிப்பில் சர்க்கரையைக் குறைக்க உருப்படியான வழி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பெயர் விவகாரத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

பாகு என்றால் என்ன? சீனியோ வெல்லமோ தண்ணீரில் கொதித்து, தொட்டு இழுத்தால் கம்பியாக வருமே, அதுதான் பாகு. அதில் கடலை மாவைத் தூவி, நெய்யைக் காயக்காய ஊற்றிக் கிளறுவதால்தான் அது மைசூர்பாகு. சீனி போடாத மைசூர்பாகு என்பது தண்ணீர் விழாத குற்றாலம். பாறை இருக்கும், குரங்கு இருக்கும், எண்ணெய் தேய்த்துவிட ஆளும் இருப்பார். குளிக்கத்தான் முடியாது.

சர்க்கரைப் பொங்கலில் சர்க்கரையை எடுத்தால் பொங்கல். அதற்குக் கொத்சு வேண்டும். வெல்லச் சீடையில் வெல்லத்தை எடுத்தால் உப்புச் சீடை. அது ஏற்கெனவே தனியாக இருக்கிறது. மார்கழி 27, கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் செய்கிறோம். அக்காரம் என்றாலே வெல்லமும் சர்க்கரையும்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அடிசில், அதாவது குழைந்த சோறு. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம், பெருமாளுக்கு எப்படிக் கொடுப்பது? எங்கள் பக்கத்துச் சீனி மிட்டாயில் சீனியை எடுத்தால் பொரித்த மாவு வளையம். எங்களுக்குச் சீனி; சென்னைப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அஸ்கா. ஒடிசாவில் சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர் அது. ஊர்ப் பெயரையே பொருளுக்கு வைத்து மரியாதை செய்த ஜனங்கள் நாம்! பெயரில் சீனி இருந்தும் உள்ளே இல்லாதது உலகத்தில் சீனியவரைக்காய் ஒன்றுதான். அதைத் தின்னச் சொல்லுங்கள், தேங்காய் போட்டால் தின்கிறேன்.

இவ்வளவு பேசுகிறவன் யோக்கியனா என்றால், இல்லை. போன தீபாவளிக்கு நானே அதிரசத்தில் இறங்கினேன். சீனித்துளசிப் பொடி வாங்கினேன். (சீனியவரைக்காயைப் பற்றிச் சொன்னதில் இதை விட்டுவிட்டேன், திருத்திக்கொள்ளவும்.) சீனியைவிட 200, 300 மடங்கு இனிப்பாம். கிலோ கணக்கில் வெல்லம் போட வேண்டிய இடத்தில் ஒரு சிட்டிகை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அம்மா அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். அதில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வரும். நானும் கிண்ணம் வைத்தேன். சொட்டு விட்டேன். காணவில்லை. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. அதுவும் போன இடம் தெரியவில்லை. ஒரு சிட்டிகைப் பொடி கரைந்த தண்ணீரை எத்தனை நாழி கொதிக்க வைத்தாலும் அது வெந்நீர்தான் என்பது இருபதாவது நிமிடத்தில் உறைத்தது. ரோஷத்தில் அந்த வெந்நீரையே பச்சரிசி மாவில் ஊற்றிப் பிசைந்து, தட்டி, எண்ணெயில் போட்டேன். வட்டமாகத்தான் போனது. பிறகு சட்டியெங்கும் பரவியது. என் மனைவி எண்ணெயை வடிகட்டினாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணனோ வெல்லக் கட்சி. "வெல்லத்தில இரும்புச் சத்து இருக்குடா" என்பான். 100 கிராம் சீனியில் ஏறக்குறைய 400 கலோரி, வெல்லத்தில் 380 சொச்சம். அந்த இருபதைச் சேமித்த மகிழ்ச்சியில் நாலு உருண்டை கூடுதலாகத் தின்கிறான். இரும்புச் சத்துதான் வேண்டும் என்றால் முருங்கைக்கீரை என்ன பாவம் செய்தது? வருஷத்துக்கு நாலு நாள் மட்டும் இனிப்பு செய்த வீடு இது. இப்போது திங்கட்கிழமை ராகி லட்டு, புதன்கிழமை தினை அல்வா, கேட்டால் 'ஆரோக்கியம்'. எனக்கு மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.8-லிருந்து 7.4-க்குப் போனது இந்த ஆரோக்கியம் வீட்டுக்குள் வந்த பிறகுதான்.

இன்று காலை டப்பாவைத் திறந்தால் உள்ளே எறும்பு, சாரை சாரையாக. சீனி போடவில்லை என்று மதினி அவற்றிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். எறும்புக்கு அது ஒருவர் சொல்லியா தெரிய வேண்டும்? துண்டு துண்டாக எடுத்து, தட்டி, ஊதி, வேறு டப்பாவுக்கு மாற்றினேன்.

அந்த ஒரே வழி என்று சொன்னேனே, அது என்னவென்றால்... போன் அடிக்கிறது. மதினி.

"தம்பி, தீந்துட்டா? கருப்பட்டில இன்னொரு ஈடு கிளறிட்டு இருக்கேன்."

"இருக்கு மதினி" என்றேன். வாயில் துண்டு இருந்ததால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.