பிங் எகிறுதல்: இல்லத்து மெஷ் வைஃபையில் நேரும் திடீர்த் தாமதங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

கீழ்த்தளமும் மாடியும் கொண்ட கான்கிரீட் வீடு இவ்வாய்வின் களம். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டர். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு மெஷ் பெட்டி. மாடி அறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், இன்னொரு பெட்டி. முன்னால் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்மானம். இத்தகைய வீடு தெருவுக்கு நாலு இருப்பதால் முகவரி தரப்படவில்லை.

இவ்வீட்டில் ஸ்பீடு டெஸ்ட் வைத்தால் 100 எம்பிபிஎஸ் குறையாமல் வரும். ஆனாலும் வீடியோ காலில் மேனேஜர் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். விளையாட்டில் 30 மில்லி விநாடியாக இருந்த பிங், அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரம், 600க்கு எகிறும். பத்து விநாடியில் ஒன்றும் நடவாததுபோல் எல்லாம் சரியாகிவிடும். வேகக் குறைவு வேறு, தாமத எகிறல் வேறு. முன்னதற்குப் பெரிய பிளான் போடலாம். பின்னதற்கும் அதையே செய்தால் பணம் போகும், தாமதம் போகாது.

முன்னோர் கொள்கைகள்

இச்சிக்கல் குறித்து இல்லத்தில் நான்கு கொள்கைகள் நிலவுகின்றன.

முதலாவது தந்தையார் கொள்கை: "எல்லாம் கம்பெனிக்காரன் பண்ற வேலை." இரண்டாவது தாயார் கொள்கை: "ராத்திரி பகலா கேம் ஆடினா அது என்னத்துக்கு ஆகும்?" இதற்கு ஆதாரம் போதாது. ஆன்லைன் விளையாட்டு செலவழிக்கும் டேட்டா மிகச் சொற்பம். அதே நேரத்தில் தந்தையாரின் போன், வாட்ஸப்பில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களை ஓசையில்லாமல் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருப்பதையே ஆய்வு கவனத்தில் கொள்கிறது.

மூன்றாவது பாட்டியார் கொள்கை: மிக்ஸி ஓடினால் நெட் நிற்கும். பழைய டிவியில் மிக்ஸி போட்டதும் கோடு கோடாக ஓடியதைக் கண்ணால் கண்ட அனுபவம் இதன் பின்னணி. ஆனால் மிக்ஸி மோட்டாரின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசைகளோடு அடங்கிவிடும். பாட்டியார் சொன்ன இடம் சரி, பொருள் தவறு. சமையலறையில் உண்மையான சந்தேக நபர் மைக்ரோவேவ் அடுப்பு. அது வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் சுற்றில். வைஃபையின் பழைய பட்டையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் புரியாத சில சமிக்ஞைகள் பதிவாகிவந்தன. பெரிடான் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். 2015இல் எமிலி பெட்ராஃப் குழுவினர் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள்: அடுப்பு ஓடி முடியுமுன் யாரோ பொறுமையில்லாமல் அதன் கதவைத் திறந்ததுதான். 64 மீட்டர் தட்டையே ஏமாற்றிய கருவிக்கு உள்ளங்கையளவு மெஷ் பெட்டி எம்மாத்திரம்?

நான்காவது கொள்கை, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." ரவுட்டர் மறுபடி எழும்போது புதிய சேனலைத் தேர்ந்துகொள்ளக்கூடும் என்பதால் இது சில சமயம் பலிக்கும். ஆனால் தடயம் முழுவதும் அழிந்துவிடும்.

ஆய்வு முறை

மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதிய பிங் என்னும் சிறு நிரலே இவ்வாய்வின் ஒரே கருவி. மாடியில் இருக்கும் லேப்டாப்பில் இரண்டு சன்னல்களைத் திறக்க வேண்டும். ஒன்றில் வீட்டு ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றொன்றில் வெளியே 8.8.8.8க்கு, இடைவிடாமல் பிங் ஓட வேண்டும். ரவுட்டர் சன்னலிலேயே எண் எகிறினால் குற்றம் வீட்டுக் காற்றில். அது அமைதியாக இருக்க வெளிச் சன்னல் மட்டும் எகிறினால் குற்றம் ரவுட்டருக்கு அப்பால், அல்லது அதன் வாசலில்.

தாமத வகைகள்

திடீர்த் தாமதம் நால்வகைப்படும். அவையாவன: மாடித் தாமதம், வரிசைத் தாமதம், ரேடார் தாமதம், தேடல் தாமதம்.

அவற்றுள் மாடித் தாமதமாவது, மெஷ்ஷின் உடன்பிறந்த குணம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நடுப்பெட்டி கீழிருந்து கேட்டதை அதே சேனலில் மேலே திருப்பிச் சொல்வதால், ஒரே செய்திக்கு இருமடங்கு நேரம் பிடிக்கிறது. இரண்டு தாவல் என்றால் இன்னும் மோசம். "சிக்னல் போதலை, இன்னொரு பெட்டி வாங்கு" என்ற ஆலோசனை பல வீடுகளில் நோயை வளர்ப்பது இதனால்தான். பீரோவின் தகடும் தன் பங்கைச் செய்கிறது.

வரிசைத் தாமதம் படித்தவரையும் ஏமாற்றும். மாத மளிகைச் சீட்டோடு நிற்பவருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டிக்காக நிற்பவரின் கதிதான், போட்டோ ஏற்றத்துக்குப் பின்னால் சிக்கிய வீடியோ காலுக்கும். ரவுட்டரிலும் மோடத்திலும் தேவைக்கு மீறிய நினைவகம் வைத்திருப்பதால், எதையும் கைவிட மனமில்லாமல் அவை வரிசையை நீளவிடுகின்றன. வீட்டு இணைப்பில் பெரிய கோப்பை அனுப்பும்போது ஏன் எல்லாம் தடுமாறுகிறது என்று துருவிய ஜிம் கெட்டிஸ் 2010இல் இதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற மருந்தைத் தந்தார்கள். எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று பாராமல், எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று பார்த்து வரிசையைக் குறைக்கும் முறை அது. இதன் வழிவந்த முறைகள் சில ரவுட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் கிடைக்கின்றன.

ரேடார் தாமதம் அரிது. வந்தால் நிமிடக் கணக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடாருக்கே முன்னுரிமை. ரேடார் போன்ற துடிப்பைக் கேட்டால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்தாக வேண்டும். புதிய இடமும் அதே வகைச் சேனலானால், பேசுமுன் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

தேடல் தாமதம் ஒரு கருவியை மட்டும் பிடிக்கும். சீரான இடைவெளியில் வரும். லேப்டாப் அவ்வப்போது மற்றச் சேனல்களை எட்டிப்பார்ப்பதே காரணம். ஆப்பிள் கருவிகளில் ஏர்டிராப் இதையே செய்வதுண்டு.

பரிந்துரைகள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்க. இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. முதலில், முடிந்த இடத்தில் பெட்டிகளுக்கிடையே லேன் கேபிள் இழுக்கவும். மற்ற எல்லா மாற்றங்களையும்விடப் பலன் தருவது இதுவே. பெட்டியை பீரோவின் மறைவிலிருந்து விடுவிக்கவும். அப்லோடு வேகத்துக்கு, அளந்து கண்ட அளவைவிடச் சற்றுக் குறைவாக ரவுட்டரில் வரம்பு போடவும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையும், 2.4இல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றும் உத்தமம்.

இவ்வளவுக்கும் பிறகு ரவுட்டர் சன்னல் அமைதியாக இருக்க, ஒருவரும் எதையும் ஏற்றாத வேளையிலும் வெளிச் சன்னல் எகிறினால், தந்தையார் கொள்கை நிறுவப்பட்டது என்று கொள்க. நேரம் குறித்த பிங் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு போன் போட்டு, புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளவும்.