நெருப்புக் காணாச் சுங்கான்: ஓர் ஆய்வு

பழைய பிரையர் சுங்கான்களைத் தேடிச் சேர்ப்போர் அவற்றை எதற்காக வாங்குகிறார்கள் என்ற சிக்கலை அறிஞர்கள் இதுகாறும் கவனிக்காமல் விட்டது வியப்புக்குரியது. ‘புகைப்பதற்கு’ என்ற பழங்கொள்கை நிற்காது. பல்லாண்டுகளாக நெருப்பையே காணாத சுங்கானுக்குத்தான் சந்தையில் மவுசு. நாள் தவறாமல் உழைத்து, உள்ளே கரி ஏறி, விளிம்பு கருகியதை விலை குறைத்துக் கேட்பார்கள். உழைத்தவனை ஒதுக்கிச் சும்மா இருந்தவனைச் சிறப்பிக்கும் துறை இது என்பது நம் முதல் முடிவு. (பிற துறைகள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரா.)

மரத்தின்மேல் குற்றமில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற குறுமரத்தின் அடியில், தண்டும் வேரும் சேருமிடத்தில் புடைக்கும் முண்டுதான் பிரையர். எளிதில் தீப்பற்றாது. அதை அறுத்து, வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்திக் குடைவார்கள். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சான் க்ளோத் என்ற ஊர் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இதற்கே பேர்போனது. தீப்பற்றாது என்பதற்காகவே தேர்ந்த மரத்தைத் தீயே வைக்காமல் கண்ணாடி அலமாரியில் பூட்டுவது சற்று மிகையான முன்னெச்சரிக்கை.

பிறகு நோக்கம்தான் என்ன? ஜாதகம் கணிப்பதே என்பது நம் துணிபு. லண்டனின் டன்ஹில் நிறுவனம் 1910இல் சுங்கான் செய்யத் தொடங்கியது. 1920களிலிருந்து, ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற முத்திரையின் கடைசி எழுத்தை ஒட்டி ஆண்டைக் காட்டும் சிற்றிலக்கம் ஒன்றையும் பொறித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே இலக்கம் பின்னொரு பத்தாண்டிலும் வந்து நிற்கும். அப்போது அது பக்கத்து எழுத்தைவிடச் சிறியதா, சம உயரமா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் பிறந்த ஆண்டைச் சொல்ல முடியும். அழுக்குப் போகத் தண்டை அழுத்தித் தேய்த்தவர்களின் சுங்கானில் பார்ப்பதற்கு முத்திரையே இராது. சுத்தம் சோறு போடலாம், வயதைச் சொல்லாது. டன்ஹில் வாய்க்குழலின் வெள்ளைப் புள்ளியிலும் ஆழ்பொருள் தேட வேண்டாம்; குழலைத் தலைகீழாகச் செருகாதிருக்க, மேற்பக்கம் இதுவென்று காட்ட வைத்தது அது.

டப்ளின் பீட்டர்சன் சுங்கான்களே ஆய்வாளனின் உண்மையான சோதனைக்களம். வெள்ளிப் பூண் போட்டவற்றில் அமர்ந்திருக்கும் ஹைபெர்னியா (அயர்லாந்தைப் பெண்ணாக உருவகித்த வடிவம்), முடிசூடிய யாழ், ஆண்டெழுத்து என மூன்று முத்திரைகள் இருக்கும். அந்த எழுத்தை ஆண்டெழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டால் பூணின் ஆண்டு தெரியும். பூண் பிற்பாடு மாற்றப்பட்டிருந்தால் மரத்தின் ஆண்டு தெரியாது. அது வேறு வழக்கு. நிக்கல் பூணிலும் மூன்று சின்னங்கள் உண்டு: ஷாம்ராக் இலை, வேட்டைநாய், வட்டக் கோபுரம். பார்வைக்கு அசல் வெள்ளி முத்திரை போலவே இருக்கும். அவை அலங்காரத்துக்குப் பொறித்தவை. எந்த ஆண்டையும் குறிக்கமாட்டா.

ஆகவே புதிதாக இத்துறைக்கு வருவோருக்கு ஒரு விண்ணப்பம்: பூணில் நாயும் கோபுரமும் தென்பட்டால், பட்டியலை மூடிவைத்துவிட்டுப் படுத்துத் தூங்குங்கள்.