தூணுக்குப் பின்னால் ஒரு பக்தர்

பாஸ்டன் நகரில் ரெட் சாக்ஸ் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வரும் பேஸ்பால் ரசிகர்களில் ஒரு ரகம் உண்டு. கதவு திறந்ததுமே உள்ளே நுழைந்துவிடுவார். ஆட்டம் தொடங்கியபின் அதைப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. 1912-இல் திறந்த மைதானம், மேஜர் லீக்கில் இன்றிருப்பவற்றில் மூத்தது. 37 அடி உயரப் பச்சைச் சுவரை அண்ணாந்து பார்க்க வேண்டும். இன்னமும் ஆள் வைத்து எண் மாற்றும் ஸ்கோர்போர்டைப் படமெடுக்க வேண்டும். பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு: 1946-இல் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைப் பதம் பார்த்த இடம். இவர் அதில் அமர்ந்து போஸ் கொடுக்கும் நேரத்தில்தான் கீழே யாராவது ஹோம் ரன் அடிப்பார். அரங்கமே எழுந்து கத்தும். இவருக்கோ படத்தில் குறுக்கே ஆள் வந்துவிட்டதே என்று கோபம். சொந்த இருக்கை தூணுக்குப் பின்னால். மறைக்கும் என்று சொல்லியே விற்கிறார்கள், கேட்டு வாங்கியிருக்கிறார்.

ஆட்டத்தைப் பார்க்காதவர் என்ன ரசிகர் என்பார்கள். மேஜர் லீக்கில் பேஸுக்குப் பேஸ் 90 அடி என்பது எங்கும் மாறாது. வெளிச்சுவர் எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஃபென்வேயின் இடப்புறத்தில் லான்ஸ்டவுன் தெரு நெருக்கியதால் மைதானம் குறுகி, சுவர் உயர்ந்தது. வேறு ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாகும் தாழ்வான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பும். வேறு ஊரில் கேட்ச் ஆகும் சோம்பல் அடி இங்கே தாண்டிவிடும். கிரிக்கெட்டிலும் எல்லைக்கோடு கூடும், குறையும்; ஆனால் சுவர் ஃபீல்டிங் செய்வதில்லை. ஆகவே சுவரையே வெறித்துக்கொண்டிருக்கும் இந்த மனிதர், நூறு வருடமாக அணியை விட்டுப் போகாத ஒரே ஆட்டக்காரரைத்தான் பார்க்கிறார்.

பழமையே பாதி வியாபாரம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. பொய்யில்லை. சுவருக்குப் பச்சை வண்ணம் பூசியதே 1947-இல். அதன் உச்சியில் இருக்கைகள் வந்தது 2003-இல். ஆனால் 1999-இல் இதை விட்டுப் புது மைதானம் கட்டத் திட்டம் போட்டார்களே, அப்போது எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் இந்தத் தூண் ரசிகர்கள்தாம். ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்க விரும்பியவர்களுக்குப் புது மைதானமே வசதி.

நான் இவருக்காக வாதாட முடியாத இடம் ஒன்று உண்டு. ஸ்கோர்போர்டில் மோர்ஸ் குறியீட்டில் இருப்பவை அணியின் பழைய உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஆகியோரின் பெயரெழுத்துகள் என்று, கேட்காமலே விளக்குவார். அதே யாக்கியின் ரெட் சாக்ஸ்தான் மேஜர் லீக்கிலேயே கடைசியாக, 1959-இல், ஒரு கறுப்பின வீரரைக் களமிறக்கியது. அந்த வருடம் மட்டும் இவர் நாவில் வராது. அந்தப் பழியால்தான் மைதானத்தை ஒட்டிய யாக்கி வே 2018-இல் மறுபடி ஜெர்சி தெரு ஆனது. வழி கேட்கும்போது இவர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்.