கேலிச்சித்திரமும் கௌரவமும்

கேள்வி: கலைச் சங்கத் தலைவரான ஓவியரையே கேலிச்சித்திரமாகத் தீட்டுவது அவமரியாதை அன்றோ?

பதில்: அன்று. 1878-ஆம் ஆண்டு லண்டன் 'வானிட்டி ஃபேர்' பத்திரிகையில் ஓவியர் விஸ்லரைக் கேலிச்சித்திரமாகத் தீட்டிய 'ஸ்பை' என்னும் லெஸ்லி வார்டின் தூரிகை அவருடைய கீர்த்தியைச் சிறிதும் குறைக்கவில்லை என்பதற்கு, 1886-இல் பிரித்தானிய ஓவியர் சங்கம் அவரையே தலைவராக வரித்ததும், மறு ஆண்டிலேயே அச்சங்கம் அரச அங்கீகாரம் பெற்றதும் போதிய சாட்சியாகும். கருங்கேசத்தின் நடுவே வெளுத்த ஒற்றைக் கற்றையும், ஒற்றைக் கண்ணாடியும், எவருக்கும் பணியாத சுபாவமும் வாய்த்த அம்மனிதரை எந்தச் சித்திரக்காரர்தான் விட்டுவைப்பார்? அந்தச் சுபாவத்தின் பயனாகவே 1888-இல் அவர் தலைமைப் பதவியைத் துறக்க நேர்ந்தது. முகஸ்துதிச் சித்திரம் முகத்தோடு நின்றுவிடும். நல்ல கேலிச்சித்திரமே மனிதரை முழுமையாகக் காட்டும்.