எச்சில் இலைக் கணக்கு

வா மாப்ளே. விருதுநகர் பஜார்ல ஹோட்டல் வைக்கப் போறியாமே. உங்கம்மா போன்ல சொன்னா, சொல்லும்போதே தொண்டை அடைச்சுப்போச்சு அவளுக்கு. நான்தான் தேத்துனேன். "பயப்படாத தாயி, பய வேலைக்கு லீவுதான் போட்டிருக்கான், இன்னும் எழுதிக் குடுக்கலை"ன்னேன்.

உன் திட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வாசல்ல மாட்டுவண்டிச் சக்கரம் தொங்கணும்னு சொன்னியாம். நம்ம தொழுவத்துல ஒண்ணு கிடக்கு, விலை பேசிக்கிடலாம். லாந்தர் விளக்கு, மண்பானை, மெனு அட்டையில நூத்திப்பத்து அயிட்டம். ரொம்ப நல்லது. அம்புட்டுக்கும் ஒரே குழம்பைத்தான் ஊத்தணும்னு சமையல்காரர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிரு, பாவம், அலையப்போறாரு.

ஆனா ஊரைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்கு. இது விருதுபட்டியா இருந்த காலத்துலயே, 1876ல ரயில் வந்த ஊரு. 1923லதான் விருதுநகர்னு பேரை மாத்துனாங்க. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய்னு எல்லாத்துக்கும் விலை பேசுற ஊரு. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வச்சுப் பள்ளிக்கூடம் நடத்துனவங்க இவங்க. பிடி அரிசிக்கே கணக்கு வச்சவன், நீ தட்டுல கொத்தமல்லி தூவி நீட்டுற பில்லைப் பாக்காமலா போயிருவான்?

நான் எங்கய்யாகூட வத்தல் மூடை ஏத்திக்கிட்டு வண்டியில வந்த பய. மூடை விலைபோற வரைக்கும் பச்சைத்தண்ணிதான். காசு கைக்கு வந்ததும் எங்கய்யா நேரா புரோட்டாக் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போவாரு. வீட்டுல கேட்டா, வத்தல் விலை சரிஞ்சுபோச்சுன்னு சொல்லிருவாரு.

நேத்துச் சாயங்காலமும் போனேன், தெப்பக்குளத்துப் பக்கம். ஈரத்துணிக்கு அடியில உருண்டைக வரிசையா உறங்குது. மாஸ்டர் ஒண்ணை எடுத்துத் தட்டி, வீசி, சுருட்டி, மறுபடி தட்டுறாரு. நம்மூர்க் கல்லு நடுவுல குழிஞ்சிருக்கும், அதுல எண்ணெய் குளமா நிக்கும். புரோட்டாவை உள்ளே விட்டதும் சத்தம் போடும் பாரு, அந்தச் சத்தம் அடங்குறப்போ திருப்பணும். அதுக்கு முன்னால திருப்புனா மாவு, விட்டுட்டா ஓடு. மாஸ்டர் கண்ணு ரோட்டுலதான் இருந்துச்சு, காது மட்டும் கல்லுல. பொரிஞ்சதை இலையில நொறுக்கிப் போட்டு சால்னாவை ஊத்துனா அது ஓட்டமெடுக்கும். துண்டுகளை வச்சு அணை கட்டத் தெரியாதவனுக்கு வேட்டி நனையும்.

கல்லாவுல அண்ணாச்சி சும்மா உக்காந்திருக்காருன்னு நினைச்சியா? அப்பப்ப எந்திரிச்சுப் போயி எச்சில் இலைத் தொட்டியை எட்டிப் பாக்குறாரு. இலை வழிச்ச மாதிரி இருந்தா பேசாம வந்து உக்காந்துக்கிடுவாரு. சால்னா மிஞ்சிக் கிடந்தா அன்னைக்கு மாஸ்டருக்குப் பூசைதான். நீ போன்ல நட்சத்திரம் எண்ணுற, அவரு எச்சில் இலையை எண்ணுறாரு. உனக்கெதுக்கு அந்த அசிங்கம் பிடிச்ச வேலை? நீ மெட்ராஸ்ல இருந்துக்கிட்டே கேமராவுல பாத்துக்கோ. கேமராவுக்கு உப்பு நல்லாத் தெரியும்.

நாலுவழிச் சாலையில அப்பிடி ஒரு கடையில சாப்பிட்டுத்தான் வந்தேன் போன மாசம். போர்டுல விருதுநகர் புரோட்டான்னு கொட்டை எழுத்து. குளுகுளுன்னு ஏசி, உள்ள மாட்டுவண்டியே நிக்குது. புரோட்டாவைக் கடிச்சேன், பல்செட்டு கழண்டு சால்னாவுல விழுந்திருச்சு. முதலாளி எங்கப்பான்னு கேட்டேன். பெங்களூர்ல இருக்காருன்னாங்க. விவரமான ஆளு, தன் கடையில சாப்பிடுறதில்லை.

சரி, உன் காசு, உன் விருப்பம். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால ஒரு மாசம் அந்தக் கல்லுக்கிட்ட நின்னு பாரு. அண்ணாச்சிகிட்ட பேசி வச்சுட்டேன். சம்பளம் கிடையாது, ராத்திரிக்கு நாலு புரோட்டா உண்டு. நாளைக்கு மாவு பிசையப் போவணும், மத்தியானமே வந்துரச் சொன்னாரு. போகும்போது என் பேருல இருக்கிற பாக்கியையும் குடுத்துரு மாப்ளே.