வெட்டவெளியில் குழந்தையைப் படமெடுத்தலில் எட்டு முழ வேட்டியின் பங்கு: ஓர் ஆய்வு

இயல் 1: தோற்றுவாய். உச்சி வெயிலில் குழந்தையை நிறுத்திப் படமெடுத்தால் கண்குழியும் மூக்கடியும் கறுத்துவிடும் என்பது ஆன்றோர் முடிபு. அதைப் போக்க ஃப்ளாஷ் வேண்டும். ஃப்ளாஷின் முரட்டு வெளிச்சத்தை ஆற்ற அதன்முன் ஒரு மறைப்பு வேண்டும். மறைப்பைக் கடையில் வாங்கக் காசு வேண்டும். காசு இல்லாமையால் இவ்வாய்வு மேற்கொள்ளப்பெற்றது.

இயல் 2: முன்னோடிகள். 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வுக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு முற்றத்தின் மேல் வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் மோதவிட்டு இறக்கினார். அத்துணி எத்தனை முழம் என்ற அடிப்படை வினாவைத் திரைப்பட ஆய்வுலகம் எழுப்பாதது வியப்பன்று. ஒளி பற்றிய கருத்தரங்குகளையே ஜன்னலைச் சாத்திவிட்டுத்தானே நடத்துகிறோம்!

இயல் 3: மறைப்பு வகைகள். தெர்மாகோல்: பறக்கும். பட்டர் பேப்பர்: கிழியும். பால் டப்பா மூடி: அறைக்குள் சுவரும் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதால் பெயர் வாங்கியது, வெட்டவெளியில் திருப்பித் தர ஆளில்லை, பேட்டரிதான் தீரும். இட்லித் துணி: “தொட்டால் தெரியும் சேதி” (பாட்டி, வாய்மொழி, சமையலறை).

இனி வேட்டி. நிழலின் ஓரத்தைக் கரைப்பது துணியின் உயர்வன்று, ஒளி வரும் பரப்பின் அகலம். தாத்தாவின் வேட்டியை இரு கம்பிகளுக்கிடையே கட்டி, பின்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் குழந்தைக்கு அது ஒரு பெரிய ஜன்னல். எனில் ஒற்றையா, இரட்டையா? இங்கேதான் அறிஞர் பிளவுபடுவர். ஐ.எஸ்.ஓ. 100இல் பளீர் வெயிலுக்கு 1/200 நொடியும் எஃப்/11ம் வேண்டும். ஷட்டரை அதற்குமேல் விரைவாக்கினால் பல கேமராக்களில் படத்தின் ஒரு பகுதிக்கு ஃப்ளாஷ் போய்ச் சேராது. வழிகாட்டு எண் 36 உள்ள ஃப்ளாஷ் எஃப்/11இல் 3.3 மீட்டர் எட்டும். நாலு முழ ஒற்றை வேட்டி பாதி வெளிச்சத்தை விழுங்குவதாகக் கொண்டால் 2.3 மீட்டர். எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டினால் எஞ்சுவது கால்வாசி, எட்டுவது 1.6 மீட்டர். ஆகவே நாலு முழமே சிறந்தது. ஆயினும் தலைப்பை மாற்றப் பல்கலைக்கழக விதியில் இடமில்லை என்க.

அடுத்தது நீலம். சலவைத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சமாகக் கக்கும். அதன்மேல் சொட்டு நீலமும் கூடினால் குழந்தையின் கன்னம் எந்நிறம் கொள்ளும்? “கோகுலாஷ்டமிக்கு ஆகும்” என்பது ஒரு கொள்கை (மேற்படி பாட்டி, திண்ணை, வெற்றிலை இடித்தபடி, திருத்திய பதிப்பு). “முதலில் அந்த வேட்டியை அவிழ்த்துக் கொண்டு வா” என்பது எதிர்க்கொள்கை (அதே பாட்டி, தம் முந்தைய நிலைப்பாட்டை மறுத்து, கொல்லைப்புறம், கையில் துடைப்பத்துடன், அச்சேறாதது, ஏறவும் கூடாதது).

கரை பற்றி ஒரு சொல். கட்சிக் கரை வேட்டி ஆய்வுக்கு ஆகாது. படத்தின் மூலையில் கரை தெரிந்தால் குழந்தை எந்த அணி என்று உறவினர் கேட்பர்.

இயல் 4: குழந்தை. ஓடிவிட்டது.

இயல் 5: முடிவுரை. நாலு முழ ஒற்றை வேட்டி, கரையற்றது, நீலம் போடாதது, குழந்தையிலிருந்து ஒன்றரை மீட்டர். இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே என்பார்க்கு: ஒரு வரிக்கு எவரும் முனைவர் பட்டம் தருவதில்லை. கட்டம் போட்ட லுங்கி மேலாய்வுக்கு உரியது. ஆர்வமுள்ளோர் சொந்த லுங்கியுடனும் சொந்தக் குழந்தையுடனும் மாலை 4 மணிக்குமேல் வரவும். அப்போது வெயிலே தணிந்துவிடும், ஃப்ளாஷ் தேவைப்படாது.